பக்கவாதம் வந்தவரைத் தனியே போட்டது யார்?

கை கால் விழுந்து திண்ணையில் கிடக்கும் மனிதரைப் பார்த்து ஊர் உலகம் மூன்று தீர்ப்பு வழங்குகிறது. "எல்லாம் அவர் தலையெழுத்து" என்பது முதல் தீர்ப்பு. "பெற்ற பிள்ளைகள் சரியில்லை" என்பது இரண்டாவது. "மனோதைரியம் போதாது, மனம் வைத்தால் எழுந்து நடக்கலாம்" என்பது மூன்றாவது. முதல் தீர்ப்பைச் சொல்பவர் சாமியார். இரண்டாவதைச் சொல்பவர், குடும்பப் பாங்கு கெட்டுவிட்டதே என்று பெருமூச்சு விடும் பெரிய மனிதர். மூன்றாவதைச் சொல்பவர் தன்னம்பிக்கையைக் கூறு கட்டி விற்கும் மேடைப் பேச்சாளர்.

மூன்று தீர்ப்புக்கும் பொதுவான ஒரு சௌகரியம் உண்டு. மூன்றிலும் சர்க்கார் குற்றவாளிக் கூண்டில் ஏறுவதில்லை. அந்த மனிதரின் முப்பது வருஷ உழைப்பை மலிவு விலைக்கு வாங்கியவர்கள் எவரும் ஏறுவதில்லை. குற்றவாளி கடவுள், இல்லையென்றால் மகன், அதுவும் இல்லையென்றால் நோயாளியே!

நாம் சொல்கிறோம்: பக்கவாதம் ஒரு வியாதி. அது யாருக்கும் வரலாம். ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு வந்து சேரும் தனிமை தானாக வருவதல்ல. போதாத கூலி, எட்டாத தூரம், கிடைக்காத சிகிச்சை, கைக்கு வராத பென்ஷன் ஆகிய நான்கும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. மனிதர்கள் உண்டாக்கியதை மனிதர்கள் மாற்ற முடியும். இந்த உண்மையை மறைப்பதற்குத்தான் மேற்படி மூன்று தீர்ப்புகளும் பயன்படுகின்றன.

மலைப்பாதையில் கரையும் நேரம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கச்சிராயபாளையத்தை எடுத்துக்கொள்வோம். கல்வராயன் மலையின் அடிவாரம். பக்கத்தில் கோமுகி அணை. சுற்றிலும் கரும்பும் நெல்லும். கள்ளக்குறிச்சி இரண்டாவது கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. இங்கிருந்து சாலை வெள்ளிமலைக்கு ஏறுகிறது. மலையில் வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த இந்த மலை 1976-ல்தான் சர்க்காரின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. அதன் பிறகு அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. ஆயினும் 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, இந்த மலை மக்களுக்கு அடிப்படை வசதிகள் எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. அதுவும் எப்போது? அந்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு!

பக்கவாதம் என்பது என்ன? மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய் அடைத்துக்கொள்கிறது, அல்லது வெடித்துவிடுகிறது. பெரிய குழாய் அடைத்தால், கழியும் ஒவ்வொரு நிமிஷத்திலும் மூளையின் நரம்பணுக்கள் ஏறத்தாழ 19 லட்சம் மடிகின்றன என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பு என்றால் அதைக் கரைக்கும் ஊசி உண்டு. ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால் தலையை ஸ்கேன் எடுத்து, அடைப்பா, ரத்தக் கசிவா என்று பார்த்தாக வேண்டும். கசிவு உள்ளவருக்கு அதே ஊசி எமனாக முடியும்.

இப்போது கணக்குப் போடுங்கள். மலைக் குக்கிராமம் ஒன்றில் விடியற்காலையில் ஒருவருக்கு வாய் கோணுகிறது; கை தொங்குகிறது; பேச்சுக் குழறுகிறது. அவரை வண்டி நிற்கும் இடம் வரை தூக்கி வர வேண்டும். 108 வண்டி மலையேறி வர வேண்டும். பிறகு மலை இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சி போய்ச் சேர வேண்டும். சிறுவங்கூரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஓட வேண்டியிருந்தது. கல்லூரி வந்தது நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கட்டிடம் எழுந்ததால் மலைப்பாதை குறுகிவிடவில்லை. நாலரை மணி நேரம் பாதையிலேயே கரைந்து போகிறது. பட்டணத்தில் இருந்திருந்தால் எழுந்து நடந்திருக்கக்கூடிய மனிதர், மலையில் பிறந்த குற்றத்துக்காக ஒரு பக்கம் செயலற்றுப் படுத்துவிடுகிறார்.

ரத்தக் கொதிப்புதான் பக்கவாதத்தின் முதல் காரணம். அதை அடக்கும் மாத்திரை அதிக விலையுள்ளதும் அல்ல. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். தலை சுற்றினால் வெயில் என்று நினைத்து, சோடா குடித்துவிட்டு மறுபடியும் அரிவாளைக் கையில் எடுப்பவருக்குக் கொதிப்பு இருப்பதே தெரியாது. கீழே விழுந்த அன்றுதான் தெரிகிறது!

பாசம் குறைந்ததா, கூலி குறைந்ததா?

ஐம்பது வயதுக் கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவரை நினைத்துப் பாருங்கள். பெயர் வேண்டாம், எந்தக் காலனியிலும், எந்தத் தெருவிலும் இருக்கக்கூடியவர். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மனைவி. அவரும் கூலிக்காரர்தான்.

காலையில் மனைவி வேலைக்குப் போனால், கணவர் சாயங்காலம் வரை தனியே கிடக்க வேண்டும். போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது நம் சமுதாயம். அந்த அம்மாள் சொம்பில் தண்ணீரும் தட்டில் சோறும் எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போகிறார். இதில் பாசம் எங்கே குறைந்தது?

மகன் எங்கே? திருப்பூரில் பனியன் கம்பெனியில், பெங்களூரில் கட்டிட வேலையில், கேரளத்தில் தோட்டத்தில். உள்ளூரில் வருஷம் முழுவதும் வேலை இருந்திருந்தால் அவன் ஏன் போகிறான்? அவன் அனுப்பும் பணத்தில்தான் அப்பாவுக்கு மருந்து. அவன் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அப்பாவின் தனிமை தீரும். மருந்து நின்று போகும். ஆக, மருந்து வேண்டுமென்றால் மகன் இருக்கக் கூடாது. மகன் வேண்டுமென்றால் மருந்து இருக்கக் கூடாது. இந்த அக்கிரமத்தை உண்டாக்கியவர்கள் வந்து, "அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பம் எங்கே?" என்று ஒப்பாரி வைக்கிறார்கள்!

பெற்றோரைக் கைவிடும் பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை என்று 2007-ல் சட்டம் செய்தார்கள். சரி. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு தாய் தகப்பனைத் துரத்தும் மகனுக்கு அது வேண்டியதுதான். ஆனால் எழுதி வாங்க ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீட்டில் யாரைப் பிடித்து உள்ளே போடுவது? முப்பது வருஷம் உழைத்த பிரஜையைக் கைவிட்ட சர்க்காருக்கு எத்தனை மாதம்?

ஒரு பகல் பொழுது

பக்கவாதம் வந்தவரின் பகல் பொழுது எப்படிப் போகிறது என்று மனோதைரிய உபதேசம் செய்பவர்கள் ஒரு நாளாவது யோசித்ததுண்டா?

வலது கை விழுந்தவர் இடது கையால் சாப்பிட வேண்டும். எந்தக் கையால் கால் கழுவுகிறோமோ அந்தக் கையால் நாலு பேர் எதிரில் சோறு உண்பதை நம் ஊரில் எவரும் சுலபமாக ஏற்பதில்லை. ஆகவே அவர் கல்யாணப் பந்தியில் உட்காருவதில்லை. பிறகு கல்யாணத்துக்கே போவதில்லை. பிறகு அவருக்குப் பத்திரிகை வைப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

இலவசக் கழிப்பறை என்று கட்டிக் கொடுத்திருப்பது குந்தி உட்காரும் கழிப்பறை. ஒரு கால் மடங்காதவர் அதில் குந்துவது எப்படி? பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. ஆள் இல்லாத நேரத்தில் அந்த அவஸ்தை வந்துவிடக் கூடாதே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார், சோற்றைக் குறைக்கிறார். உடம்பு மேலும் இளைக்கிறது. புரண்டு படுக்க ஆள் இல்லாமல் முதுகில் புண் வைக்கிறது. பேருந்தின் படி அவர் முழங்கால் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. ரேஷன் கடையில் மடங்கிப் போன விரலைக் கருவியில் வைக்கச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றிலும் கொடுமை பேச்சுப் போவது. மூளையின் இடது பக்கம் அடிபட்டால் பலருக்குப் பேச்சு தடைப்படுகிறது. சொல்ல வேண்டியது உள்ளே தெளிவாக இருக்கிறது. சொல் வாய்க்கு வருவதில்லை. அறிவு போய்விட்டது என்று ஊர் முடிவு கட்டுகிறது. அவர் எதிரிலேயே, "இன்னும் எத்தனை நாள் இழுக்குமோ?" என்று பேசுகிறார்கள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்! கண்ணில் நீர் வந்தால், "பாவம், புத்தி பேதலித்துவிட்டது" என்று அதற்கும் ஒரு வியாக்கியானம்.

முதல் பத்து நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் ரொட்டிப் பொட்டலத்தோடும் சொந்தபந்தம் வரும். ஒரு மாதத்தில் வருகை குறையும். ஆறாவது மாதம் வாசலைத் தாண்டுபவர் திரும்பிப் பார்க்காமல் போவார். கல்நெஞ்சம் என்று அவரைத் திட்டிப் பயனில்லை. அவரும் எட்டு மணிக்குக் காட்டில் நிற்க வேண்டியவர்.

பக்கவாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது என்பது மருத்துவ உலகம் பல நாடுகளில் ஆராய்ந்து கண்ட உண்மை. மூளையில் பட்ட காயமும், இழந்த வாழ்க்கையும் சேர்ந்து உண்டாக்கும் நோய் அது. அதற்குச் சிகிச்சை உண்டு. கால் உடைந்தவரிடம் "தைரியமாக ஓடு" என்று யாரும் சொல்வதில்லை. மனம் உடைந்தவரிடம் மட்டும் "தைரியமாக இரு" என்று சொல்லிவிட்டு நழுவுவது உபதேசமல்ல, பசப்பு!

சட்டத்துக்குத் தெரியாததா?

"விவசாயக் கூலிக்கு வியாதி வந்தால் சர்க்கார் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கும் புத்திசாலிகள் உண்டு. அவர்களுக்கு ஒரு சங்கதி சொல்வோம்.

1948-ல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ. சட்டம், வந்தது. சாதாரண வியாதிக்கு வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் தர அதில் வழி செய்யப்பட்டது. நீடித்த நோய்கள் என்று 34 நோய்களின் பட்டியல் தயாராயிற்று. அந்த நோய் வந்த தொழிலாளி, தகுதிக்குரிய காலம் வேலை செய்து சந்தா கட்டியிருந்தால், கூலியில் 80 சதவீதம் வரை இரண்டு வருஷம் பெறலாம். அந்தப் பட்டியலில் ஒரு பக்கம் செயலிழத்தல், அதாவது நம் பக்கவாதம், இருக்கிறது!

இதன் அர்த்தம் என்ன? கை கால் விழுந்தவர் தேறி எழ மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் காலம் பிடிக்கும், அதுவரை அந்த வீட்டுக்குக் கூலி போய்ச் சேர வேண்டும் என்பது சர்க்காருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து சட்டத்திலும் விதியிலும் எழுதி வைத்திருக்கிறது. சங்கமாய்த் திரண்ட ஆலைத் தொழிலாளி அதைப் பெறுகிறார்.

கரும்பு வெட்டுபவர்? அவர் விவசாயக் கூலி. சட்டத்தின் எல்லைக்கு அப்பால் நிற்பவர். கரும்பு போய்ச் சேரும் ஆலை? அங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "பருவகால ஆலை"களுக்கு ஈ.எஸ்.ஐ. பொருந்தாது என்று அதே சட்டம் கூறிற்று. பருவகால ஆலைகள் எவை என்ற விளக்கத்தில் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் இடம் கொடுத்தது. பழைய சட்டங்களைச் சுருட்டிக் கட்டி 2025 நவம்பர் 21-ல் அமலுக்குக் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் பருவகால ஆலைக்கு விலக்கு தொடர்கிறது. கரும்புக்குப் பருவம் உண்டு; ஒப்புக்கொள்கிறோம். பக்கவாதத்துக்குப் பருவம் உண்டா?

வியாதி ஒன்றே. மூளையும் ஒன்றே. பனியன் கம்பெனியில் சந்தா பிடிக்கப்படும் மகனுக்கு வந்தால் இரண்டு வருஷக் கூலி; வயலில் நின்ற அப்பாவுக்கு வந்தால் ஒரு சல்லிக்காசு இல்லை. இதற்குப் பெயர் விதியா, வர்க்க நீதியா?

ஆறு மாதம் கழித்து வா!

"மாற்றுத்திறனாளி உதவித்தொகை இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது. அதன் லட்சணத்தையும் பார்ப்போம்.

2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி 40 சதவீதம் ஊனம் என்று சான்றிதழ் வந்தால்தான் பல சலுகைகளின் கதவு திறக்கும். நரம்பு சம்பந்தமான ஊனத்தை நோய் கண்டு ஆறு மாதம் ஆன பிறகே மதிப்பிட வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. நிரந்தர ஊனத்தை அளக்க அது நியாயமாக இருக்கலாம். ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் உடற்பயிற்சிச் சிகிச்சை மிக அதிகப் பலன் தருகிறது. அந்த மாதங்களில்தான் வீட்டில் கடன் ஏறுகிறது. மனிதரைத் தூக்கி நிறுத்தக்கூடிய காலத்தில் கையில் காகிதம் இல்லை. காகிதம் வரும்போது கை மடங்கி இறுகிவிடுகிறது. இது என்ன ஏற்பாடு?

காகிதம் வந்த பிறகு? மத்திய சர்க்காரின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்தில் டில்லியின் பங்கு மாதம் 300 ரூபாய். 80 சதவீத ஊனமும் வறுமைக் கோட்டுப் பட்டியலில் பெயரும் இருந்தால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய்! 2012 முதல் அந்த எண் அசையவில்லை. பக்கவாதம் டில்லியின் பென்ஷனுக்கும் வந்துவிட்டது போலும். தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழியாகத் தரும் தொகை 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ஆயிற்று. கடும் பாதிப்புள்ளவர்களுக்கான பராமரிப்புத் தொகை 2,000 என்று வைத்தார்கள். இரண்டாயிரத்தை முப்பதால் வகுத்தால் நாளுக்கு 66 ரூபாய் சொச்சம். இதில் மாத்திரை, எண்ணெய், துணி, ஆட்டோ, சோறு எல்லாம் அடங்க வேண்டும்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்ற பழைய பல்லவியைப் பாடாதீர்கள். பக்கத்து வீட்டைப் பாருங்கள். ஆந்திரத்தில் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளிக்கு மாதம் 6,000 ரூபாய். பக்கவாதத்தால் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ கிடப்பவருக்கு 15,000 ரூபாய். ஆந்திரம் சொர்க்கமல்ல. 2025-ல் மறுபரிசோதனை என்று சொல்லி மாற்றுத்திறனாளிகளுக்கு நோட்டீஸ் அனுப்பி அலைக்கழித்ததும் அங்கேதான். ஆயினும் ஒரு மாநில சர்க்கார் நினைத்தால் பக்கவாதம் என்ற பெயரையே உத்தரவில் எழுதிப் பணம் ஒதுக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் ஏன் முடியாது?

புறா ரத்தம் பூசுபவர் யார்?

வாதம் வந்தவர் உடம்பில் புறா ரத்தம் பூசுகிறார்களே, நாட்டு மருந்துக்காரரிடம் ஓடுகிறார்களே என்று படித்தவர்கள் பரிகாசம் செய்கிறார்கள். புறா ரத்தம் செத்துப் போன நரம்பை எழுப்பாது, இதில் சந்தேகமில்லை. அதை நம்பி ஊசி போட வேண்டிய நேரத்தை வீணாக்குவது ஆபத்து; இதையும் ஓங்கிச் சொல்ல வேண்டும். ஆனால் கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. எண்ணெய் தேய்ப்பவர் வீட்டுக்கு வருகிறார். கையைத் தொட்டுப் பார்க்கிறார். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார். "எழுந்து நடப்பீங்க, அண்ணே" என்கிறார். மருத்துவ விஞ்ஞானம் அந்த வாசலுக்கு எத்தனை முறை வந்தது?

வந்ததே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டில் கொண்டு வந்து கொடுக்கவும், வீட்டிலேயே பிசியோதெரபி செய்யவும் வழி வகுத்தது. உருப்படியான திட்டம். ஆனால் பிசியோதெரபிஸ்டை ஒன்றியத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் போட்டார்கள். ஒரே மனிதர் எத்தனை வீடு ஏற முடியும்? கை விரல் ஒவ்வொன்றையும் தினமும் மடக்கி நீட்ட வேண்டிய நோயாளிக்கு, எப்போதோ ஒரு முறை வருகை பயிற்சியாகாது, பார்வையிடலாகத்தான் முடியும். மாத்திரை சுமந்து வீடு வீடாக ஏறிய பெண்களுக்கோ ஊதியம் என்ற கௌரவம்கூட இல்லை, ஊக்கத்தொகை! படுக்கையில் கிடப்பவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும் ஒரே வெளியாள் பல வீடுகளில் அந்தப் பெண்தான். அவர் வேலையை வேலை என்று ஒப்புக்கொள்ளாத சர்க்கார், தனிமையைப் பற்றிக் கவலைப்படுகிறது என்றால் யார் நம்புவார்கள்?

காப்பீட்டுத் திட்டத்தைக் காட்டி வாயடைக்கிறார்கள். 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களுக்குத்தான் அந்தப் பணம். பக்கவாதக்காரரின் வாழ்க்கையில் ஆஸ்பத்திரி பத்து நாள். வீடு பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்துக்குக் காப்பீடு எங்கே?

தனிமைக்கு ஒரு மந்திரி!

தனிமையைப் பற்றி இப்போது உலகத்துப் பெரிய இடங்களிலும் பேச்சு நடக்கிறது. 2018 ஜனவரியில் பிரிட்டன் தனிமைக்கென்று ஒரு மந்திரியை நியமித்தது. 2021-ல் ஜப்பானும் அதே வழியில் போயிற்று. ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார். அதன் விளைவாக வருஷத்துக்கு 8,71,000 பேர் இறக்கிறார்கள் என்று 2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் கமிஷன் அறிக்கை கொடுத்தது.

ஆனால் பிரிட்டனில் மந்திரியை நியமித்த கன்சர்வேடிவ் கட்சிதான், 2010-ல் பதவிக்கு வந்தது முதல் சிக்கனம் என்ற பெயரில் உள்ளாட்சிகளின் நிதியை வெட்டித் தள்ளியது. அங்கே முதியோரையும் முடியாதவரையும் கவனிக்கும் சேவைகள் அந்த உள்ளாட்சிகளின் பொறுப்பு. கையில் இருந்த ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டு, "நொண்டுவது பற்றி ஆராய ஒரு மந்திரி போட்டிருக்கிறோம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

தனிமையைத் தீர்க்க மந்திரி வேண்டாம். அயலார் போதும், அயலாருக்குப் பின்னால் ஒரு நர்சும் பணமும் இருந்தால். இதைக் காட்டியது கேரளம். 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் வலி தணிக்கும் சிகிச்சைக்காக ஒரு சங்கம் அமைத்தார்கள். மலப்புறத்தில் அது அக்கம்பக்கத்தாரின் இயக்கமாகப் பரவிற்று. சாதாரண மக்கள் பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போனார்கள். புற்றுநோயாளிக்குத் தொடங்கிய வேலை பக்கவாதம் வந்தவரையும் சேர்த்துக்கொண்டது. 2008-ல் மாநில சர்க்கார் அதைக் கொள்கையாகவே அறிவித்தது. பஞ்சாயத்துக்கள் நர்சுகளை அமர்த்தின. படுக்கையில் கிடப்பவரைக் கவனிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டமும் அங்கே உண்டாயிற்று. தொகை சொற்பம், போதவே போதாது. ஆனால் அதிலுள்ள கொள்கையைக் கவனியுங்கள். கணவனைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டும் மனைவி செய்வதும் உழைப்பே; அதற்கும் கூலி உண்டு என்று ஒரு சர்க்கார் ஒப்புக்கொண்டது!

ஐந்து நிமிஷம் கேட்டவர்

சோறும் மருந்தும் கொடுத்தால் போதாதா, படுத்துவிட்டவருக்குப் பேச்சும் வேலையும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்வோம்.

1922 மே மாதத்தில் லெனினுக்கு முதல் பக்கவாதம் வந்தது. தேறி வேலைக்குத் திரும்பினார். டிசம்பரில் மீண்டும் தாக்கிற்று. வலது பக்கம் செயலிழந்தது. சுற்றிலும் தேர்ந்த டாக்டர்கள். சிகிச்சைக்குக் குறைவில்லை. பார்வையாளர் கூடாது, அரசியல் செய்தி கூடாது, பூரண ஓய்வு வேண்டும் என்று கட்டளை. லெனின் கேட்டது என்ன? தினமும் சில நிமிஷம் சொல்லிக்கொடுத்து எழுத வைக்க அனுமதி! இல்லாவிட்டால் சிகிச்சையே வேண்டாம் என்றார். ஐந்து முதல் பத்து நிமிஷம் என்று அனுமதி கிடைத்தது. அப்படிச் சொல்லி எழுத வைத்தவற்றில் ஒன்றுதான், 1923 ஜனவரியில் பிறந்த கூட்டுறவு பற்றிய கட்டுரை. 1923 மார்ச்சில் மூன்றாவது தாக்குதலில் பேச்சே போயிற்று. பள்ளி ஆசிரியையாக இருந்த குரூப்ஸ்கயா பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல் சொற்களைச் சொல்லிக்கொடுத்தார். இடது கையால் எழுதப் பழக்கினார். 1924 ஜனவரி 21-ல் லெனின் மறையும் வரை அந்த உழைப்பு நிற்கவில்லை.

லெனினுக்கு வந்த பக்கவாதமும் கரும்பு வெட்டும் தொழிலாளிக்கு வரும் பக்கவாதமும் வேறு வேறல்ல. இருவருக்கும் வேண்டியதும் வேறல்ல. ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். தன் சொல்லைக் கேட்க ஒருவர் வேண்டும். தன்னால் ஆகும் ஒரு வேலை வேண்டும். அவருக்குக் குரூப்ஸ்கயா முழுப் பகலும் பக்கத்தில் இருக்க முடிந்தது. நம் தொழிலாளியின் மனைவியைக் கூலி இழுத்துக்கொண்டு போகிறது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

தோழர்களே! அனுதாபம் இலவசமாகக் கிடைக்கும். அதை யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. உரிமையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். கோரிக்கைகள் இவை:

மலைக் குக்கிராமங்களுக்கு வண்டி போகும் சாலை வேண்டும். கச்சிராயபாளையம், வெள்ளிமலை சுகாதார நிலையங்களில் நிரந்தரப் பிசியோதெரபிஸ்டும் பேச்சுப் பயிற்சியாளரும் வேண்டும். பக்கவாதம் வந்து வீடு திரும்பியவரின் வாசலுக்கு முதல் வாரத்திலேயே பயிற்சி வர வேண்டும். ஆறு மாதம் இடைவிடாமல் வர வேண்டும். நிரந்தரச் சான்றிதழுக்கு ஆறு மாதம் ஆகட்டும். தற்காலிகச் சான்றின் பேரில் உதவித்தொகை முதல் மாதமே தொடங்க வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்குக் கிடைக்கும் நீடித்த நோய்க்கால ஊதியம் விவசாயத் தொழிலாளிக்கும் சர்க்கரை ஆலைப் பருவத் தொழிலாளிக்கும் விரிவாக வேண்டும். உதவித்தொகை ஆந்திர அளவுக்கு உயர வேண்டும். டில்லியின் 300 ரூபாய் அவமானம் ஒழிய வேண்டும். கவனிக்கும் மனைவிக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் கவனிப்பு ஊதியம் வேண்டும். வீடு தேடி வரும் சுகாதாரப் பெண்களை நிரந்தர ஊழியராக்க வேண்டும். ஊருக்கு ஊர் பகல் இல்லம் ஒன்று வேண்டும். சமுதாயக் கூடத்தின் ஒரு அறை போதும். கைப்பிடிக் கம்பியுள்ள கழிப்பறை, ஒரு நர்சு, பத்து நாற்காலி, ஒரு செய்தித்தாள். பகல் முழுவதும் மூடிய கதவுக்குப் பின்னால் கிடப்பவர்கள் அங்கே கூடி உட்காரட்டும்.

விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளுக்கும், கரும்பு விவசாயிகள் சங்கத்துக்கும், மாதர் சங்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. கிளை எல்லைக்குள் படுக்கையில் கிடப்பவர்கள் எத்தனை பேர், எவருக்குச் சான்று இல்லை, எவருக்குப் பணம் வரவில்லை என்று வீடு வீடாகப் பட்டியல் எடுங்கள். பட்டியலோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும்போது அவர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். நாக்குக் குழறினாலும் கோரிக்கையை அவர்களே சொல்லட்டும். அதிகாரி காத்திருந்து கேட்கட்டும்!